தட்டின் கீழே விழும் தணல்

1

இந்தக் கதை ஒரு தவறான அளவிலிருந்து பிறந்தது. எங்கள் வீட்டுக் கணப்பில் விறகைத் தாங்கும் இரும்புக் கம்பித்தட்டு போன குளிருக்கு நடுவில் வளைந்து தொங்கிவிட்டது. கணப்பின் வாயை அளந்துகொண்டு அஸ்ரூ நகரத்துக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுத்தட்டு வாங்கி வந்தேன். உள்ளே போக மறுத்தது. எங்கள் ஊர்க் கணப்புகள் பின்னால் போகப்போகக் குறுகும். இத்தனை குளிர்காலம் அதன் முன்னால் உட்கார்ந்தவனுக்கு இது தெரியவில்லை. இந்த அசட்டுத்தனத்தைச் சுமக்க வெட்கப்பட்டு, ஹத்து என்ற ஓய்வுபெற்ற தபால்காரரை, ஊரார் மரியாதையாக 'ஸீ' சேர்த்துக் கூப்பிடும் ஒருவரை, படைத்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: மலைமேல் பனி வெண்போர்வையாகப்

(வேண்டாம். பனி எங்களுக்குப் போர்வையல்ல, விறகு பிளக்கும் வேலை.)

2

தட்டோடு திரும்பி வந்த ஹத்துவைப் பார்த்துக் கொல்லர் பாஸு சிரித்தார்.

"முன்பக்கம் நீங்க அளந்தீங்க, ஸீ ஹத்து. பின்பக்கத்த யாரு அளப்பா, உங்க மாமியாரா?"

"குனிய முடியலப்பா."

"முப்பது வருஷம் கதவு இடுக்குல கடுதாசி நுழைச்ச ஆளு! சரி, புதுசா அடிச்சுத் தர்றேன். கம்பி எத்தன வைக்கட்டும்? ஒன்பதுன்னா நெருக்கம். தணல் மேலயே நின்னு எரியும், வீடு கணகணன்னு இருக்கும், விறகும் மிச்சம். ஆறுன்னா தணல் கீழ கொட்டும்."

"கொட்டினா வீண்தானே?"

"அத நீங்கதான் சொல்லணும்."

ஹத்து வாயெடுத்தார். நான் நிறுத்திவிட்டேன். அவர் சொல்லப்போகும் எண்ணை நம்பியிருக்கும் ஒருத்தியை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

3

ஹத்துவின் பக்கத்து வீட்டுக்காரி தூதா. துணி தைப்பவள், தனியாள், வீட்டில் கணப்பு இல்லாதவள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மண்சட்டியோடு வருவாள்.

(முதல் எழுத்துப்படியில் அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். எங்கள் தெருவில் தணல் வேண்டுமென்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.)

"இத்தோ அக்கா, உங்க சாம்பல அள்ள வந்தேன். ஸீ ஹத்து அள்ளினா வீடெல்லாம் இறைப்பாரு."

"வாடி. எனக்குக் குனியுற வேலை மிச்சம்" என்பாள் ஹத்துவின் மனைவி இத்தோ.

பழைய தட்டின் கீழே, சாம்பலுக்குள், கருவாலி விறகின் தணல் சிவந்து கிடக்கும். அது தூதாவின் சட்டிக்குப் போகும். அந்தச் சூட்டில்தான் அவள் விரல்கள் மடங்கி ஊசி பிடிக்கும். கீழே விழுந்ததைத்தான் எடுப்பாள். ஒருமுறை இத்தோ எரியும் நெருப்பிலிருந்தே இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். மூன்று நாள் தூதா வரவில்லை.*

* கொடுப்பது எளிது. வாங்குகிறவர் தலை குனியாமல் கொடுப்பதற்கு அல்லாஹ்வின் உதவி வேண்டும்.

4

முடிவு ஒன்று: ஹத்து ஆறு என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. (இத்தோவின் முழங்கால் குளிரில் வலிக்கும் என்பதை உங்களிடம் மறைத்துவிட்டு அவரை நல்லவராக்குகிறேன்.)

முடிவு இரண்டு: ஒன்பது என்கிறார். தணலுக்குப் பதிலாக ஒரு கட்டு விறகைத் தூதாவின் வாசலில் வைக்கிறார். அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால்

சொல்லிவிடுகிறேன். எங்கள் கொல்லரிடம் ஒன்பது என்று சொன்னவன் நான். யோசிக்கவேயில்லை. தட்டு பொருத்திய மாலை எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சட்டியோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். வெறும் சாம்பல்.

"நல்ல தட்டுங்க. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்றாள். பிறகு, சாம்பல் அள்ளத்தானே வந்தாள், உட்கார்ந்து ஒரு துகள் சிந்தாமல் அத்தனையையும் அள்ளிக் கொட்டினாள். காலிச் சட்டியைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

5

ஆகவே ஹத்துவின் பதிலை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவர் இன்னும் பட்டறையில் நிற்கிறார். "எத்தன, ஸீ ஹத்து? இரும்பு ஆறுது" என்கிறார் பாஸு. இத்தோவின் முழங்காலையும் நினைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, நீங்களே ஓர் எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்று கம்பிகளை வெட்டி எடுத்துவிடலாம் என்று எங்கள் கொல்லர் சொல்லியிருக்கிறார். தட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன். அவள் மறுபடி சாம்பல் அள்ள வருவாளா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.