ஊதாப் பட்டை

நர்ஸ் கோரலி, மூச்சு நின்றுபோன நோயாளி வெர்லினின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்துவிட்டாள். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அவர் மணிக்கட்டில் ஊதாப் பட்டை கண்ணில் பட்டது. கைகள் தாமாகவே விலகின. மூச்சு நின்றால் மீட்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் ஊதா. நேற்று வரை சிரித்துப் பேசிய மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக இப்படி முடிவெடுத்துவிட்டாரே என்று மனம் கனத்து, அவர் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? அமுக்கு!" வார்டுப் பொறுப்பிலிருந்த ரெனாட்டா ஓடிவந்து அவளைத் தள்ளினாள்.

"ஊதா போட்டிருக்கே..."

"கீழ விழுந்துருவாருன்னு போட்டது அது! காலைல பாத்ரூம்ல தடுமாறினாரு."

இருபது நிமிடம் மாறி மாறி அழுத்தினார்கள். விலா எலும்பு முறிவது கோரலியின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. வெர்லினுக்கு உயிர் திரும்பவில்லை.

பதின்மூன்று வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஒப்பந்தத்தில் சுற்றுகிற நர்ஸ் அவள். போன ஊர் அரிசோனாவில். அங்கே ஊதாவுக்கு அர்த்தம் வேறு. மினசோட்டாவின் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு நாள்தான். திங்கட்கிழமை ரெனாட்டா பட்டைகளின் நிறங்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவள் மேசைக்கடியில் போனில் அருவிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து ஆஸ்பத்திரி பார்த்தவளுக்கு ஆறாவதில் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்ற மெத்தனம். போன இடத்தையெல்லாம் சுற்றிப் பார்க்காவிட்டால் இந்த நாடோடிப் பிழைப்பில் வேறென்ன இருக்கிறது என்பாள். வெர்லினுக்கு அந்த ஆசை பிடித்துப்போய், சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம் அருவிக்கு வழி வரைந்து கொடுத்திருந்தார். "போர்டு பாத்துப் போகாத, அது ஊருக்குப் புதுசா வர்றவங்களுக்கு. சாஞ்ச மரத்துகிட்ட இடது பக்கம் திரும்பு." சீட்டு இன்னும் அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஒரு நிமிஷம்தான் லேட்டு. உடனே அமுக்கியிருந்தா மட்டும் பொழைச்சிருப்பாருன்னு யாரால சொல்ல முடியும்?" ரெனாட்டா குரலைத் தாழ்த்தினாள். "மேல சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கிறேன். அவர் வீட்டம்மாகிட்ட நீ வாயத் தொறக்காத. நீ மூட்டை கட்டிட்டுப் போயிருவ. நாங்க அவங்க மூஞ்சில முழிச்சுக்கிட்டு இங்கயே கிடக்கணும்."

மதியத்துக்கு முன்பே வெர்லினின் மனைவி ஆர்லிஸ் வந்துவிட்டார். கணவருக்காகக் காலையில் சுட்ட ஆப்பிள் பலகாரத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீதான கோரலி? அருவிக்குப் போனியான்னு உன்கிட்ட கேக்கணும்னாரு, போன்ல."

"இன்னும் போகலம்மா."

"கடைசில நீதான் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தியாமே." அவர் குரல் உடைந்தது. "உடனே எல்லாம் செஞ்சுட்டீங்கல்ல? நான் அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

வாசலில் நின்ற ரெனாட்டா வேண்டாமென்று தலையசைத்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், எல்லாரும் பிழைத்துக்கொள்ளலாம். கோரலி குனிந்து, வெர்லினின் குளிர்ந்த கையை எடுத்து, மணிக்கட்டை ஆர்லிஸ் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, இந்தப் பட்டையப் பாருங்க."

ஆர்லிஸ் மடியிலிருந்த தட்டை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.