பன்னிரண்டாம் அறை அப்பா லெஃப்ட்

குற்றாலத்தில் சாரல் பிடித்து நான்கு நாளாகியிருந்தது. பேரருவிக்குப் போகும் வழியிலிருந்த அந்த விடுதியில் ஓர் அறைகூடக் காலியில்லை. வரவேற்பு மேசையில் இசக்கிசெல்வி ஒருத்திதான். காலை பதினொரு மணிக்கு அவள் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது.

‘டாட் லெஃப்ட். ப்ளீஸ் சீ.’

அனுப்பியவள் பன்னிரண்டாம் அறையில் தங்கியிருந்த ஸ்வாதி. சென்னையிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்திருந்தாள். அப்பா முத்துக்குமாரசாமிக்கு எழுபத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊரான இலஞ்சி. வேலையும் குடித்தனமும் சென்னையில். “வீட்டுல இருந்து ரெண்டு தடவை வெளிய போய் வழி தெரியாம நின்னுட்டாங்க அக்கா” என்று முந்தின நாள்தான் ஸ்வாதி சொல்லியிருந்தாள்.

இசக்கிசெல்வி செய்தியை இரண்டு முறை படித்தாள். பத்து வருடமாக இந்த மேசையில் அவள் அறிந்த ‘லெஃப்ட்’டுக்கு ஒரே அர்த்தம்தான். அறையைக் காலி செய்தவர் லெஃப்ட். குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு போன சித்தப்பா லெஃப்ட். அப்படியென்றால் பெரியவர் எங்கேயோ போய்விட்டார். தேடிப் பார்க்கச் சொல்கிறாள் மகள். திருப்பி அழைத்தால் ஸ்வாதியின் போன் அணைந்து கிடந்தது.

வாசலில் இருந்த காவலாளி சுடலைமணியைக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, பன்னெண்டாம் நம்பர் ஐயா வெளிய போனாவளா?”

“நான் பாக்கலியே. ஒருவேள டீ குடிக்கப் போயிருந்த நேரமா இருக்கும்.”

மேசையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அறையைத் தட்டிப் பார்க்கக்கூடத் தோன்றாமல், குடையும் எடுக்காமல் அருவிப் பக்கம் ஓடினாள். பழக்கடைகளில் விசாரித்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வழுக்குப் பாறைப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் அருவிக்கரைப் போலீஸாரிடம் சொன்னாள். அவர்கள் உடனே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

“சென்னையிலிருந்து வந்திருக்கும் முத்துக்குமாரசாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே காவல் உதவி மையத்துக்கு வரவும்.”

மூன்று முறை அறிவித்தார்கள். கால்மணி நேரம் போயிருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சலவை வேட்டியும் கறுப்புக் குடையுமாக அவரே வந்து நின்றார்.

“என்னையக் கூப்பிட்டியளாமே. என்ன விஷயம்?”

இசக்கிசெல்வி பாய்ந்து வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க ஐயா போயிருந்தீய?”

“நான் எங்க போனேன்? ரூம்லதான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். ஜன்னல் வழியா என் பேரு கேட்டுச்சு. மைக்குல கூப்பிட்டா மரியாதைக்கு வர வேண்டாமா?”

“வழி தெரிஞ்சுதா?”

“நல்ல கேள்வி கேட்டம்மா. இலஞ்சிக்காரன்ட்ட அருவிக்கு வழி கேக்க.”

அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, குளிக்காமல் எப்படிப் போவது என்பது அவர் வாதம். மகள் நேற்று முழுவதும் சளி பிடிக்கும் என்று விடவில்லையாம். இசக்கிசெல்வி ஒரு காவலரைத் துணைக்கு நிறுத்தி, ஓரத்தில் நீர் மெதுவாக விழும் இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தாள். தலையில் நீர் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

ஸ்வாதி தென்காசியிலிருந்து மாத்திரைப் பையோடு வந்து இறங்கியபோது, ஈரத்தலையோடு வரவேற்பறையில் உட்கார்ந்து அப்பா ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டு அவள் நெற்றியில் கைவைத்தாள்.

“அப்பாவ ரூம்ல விட்டுட்டுப் போறேன், பாத்துக்கோங்கன்னுதான்க்கா எழுதினேன். பஸ்ல அவசரத்துல பாதி முழுங்கிட்டேன். அதோட சார்ஜும் போச்சு.”

“போனவரும் லெஃப்ட்டு, இருக்குறவரும் லெஃப்ட்டா? நல்ல பாஷை போங்க” என்றாள் இசக்கிசெல்வி.

மதியம் கூட்டம் குறைந்ததும் அவளுக்கு அது அடங்கவில்லை. லெஃப்ட்டுக்கு மூலமான ‘லீவ்’ என்ற சொல்லைக் கைபேசியில் போட்டுத் தேடினாள். பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு இருக்கவிடுவது, பின்னால் வைத்துவிட்டு வருவது என்றுதான் பொருளாம். அதற்கும் முந்திய வேர்ச்சொல்லுக்கு ஒட்டிக்கொள்வது என்று அர்த்தமாம். போய்விடுவது என்ற பொருள் பிறகு சேர்ந்ததாம். விடுமுறைக்குச் சொல்லும் லீவ் வேறொரு சொல்லாம். அதற்கு அனுமதி என்று பொருள், வேரில் பிரியம்.

அறைக்குப் போய் இதை ஸ்வாதிக்குப் படித்துக் காட்டினாள். கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் ஒட்டிக்கிட்டு இருந்தவன்தான்” என்றார். “ஸ்வாதி, இன்னும் ரெண்டு நாளு ஒட்டிக்கிட்டு இருந்தா என்ன?”

ஸ்வாதி அப்பாவின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். சளியில்லை, காய்ச்சலில்லை. “ரூம் கிடைக்குமாக்கா?” என்று கேட்டாள்.

இசக்கிசெல்வி பதிவேட்டைப் பார்க்கக் கீழே இறங்கினாள். இவர்கள் காலி செய்யும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் அறைக்கு வருவதாக இருந்த ஆலங்குளத்துக் குடும்பம், வர முடியாது என்று காலையிலேயே சொல்லியிருந்தது. அந்தப் பெயரை அடித்துவிட்டு, முத்துக்குமாரசாமி, இலஞ்சி என்று எழுதினாள்.