குழந்தை ‘க’வைப் பற்றிய பதிவு

எங்கள் மழலையர் பள்ளியின் முதல்வர் அந்தச் சுற்றறிக்கையை வாசித்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் வகுப்புப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியைகள் எல்லோரும் பட்டம் வாங்கிவிட வேண்டுமாம். வாங்காதவர்கள் துணை ஆசிரியை ஆகிவிடுவார்களாம். நான் டிப்ளமோ. பதினான்கு வருடமாக நான்கு வயதுக்காரர்களின் அறை என் பொறுப்பில் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கு நிஜமான வயிற்றுவலி, எந்தக் குழந்தைக்கு வீட்டுக்குப் போவதற்கான வயிற்றுவலி என்பதை வாசலில் செருப்பு கழற்றும்போதே சொல்லிவிடுவேன். இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று முணுமுணுத்தேன். கொஞ்சம் உரக்கவே முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. முதல்வர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

போதாக்குறைக்கு என் துணை ஆசிரியை பட்டத்தோடு வந்தவள். என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். மனசுக்குள் அவளுக்கு நான் வைத்திருந்த பெயர் ‘டிகிரி’. நான் தேறாவிட்டால் என் அறை அவளுக்குப் போகும். நான் அவளுக்குத் துணையாக இருந்து களிமண் பிசைந்து தரவேண்டும். அவள் கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். “அக்கா, என்னோட நோட்ஸ் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், உங்களுக்குக் கொண்டு வரட்டுமா?” என்று கேட்கிறவளை என்ன செய்வது? வாங்கிக்கொண்டேன்.

ஆக, நாற்பத்தொரு வயதில் மறுபடியும் மாணவி ஆனேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், மறுபக்கம் நான். “அம்மா, போனை வெச்சிட்டுப் படி” என்று சொல்வதில் அவளுக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருடம் நான் போட்ட அதட்டலை எல்லாம் அதே ராகத்தில் திருப்பித் தந்தாள். என் கணவர் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல், யார் முதலில் எழுந்து டீ போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்துத் தேர்வுகளை எல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். கடைசியில் என்னைக் கவிழ்த்தது ஒரு பக்கத்துச் சமாச்சாரம். அதற்குப் பெயர் உற்றுநோக்கல் பதிவு. ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, இருபது நிமிடம் ஓரமாக உட்கார்ந்து, அது என்ன செய்கிறது என்பதை நேரத்தோடு எழுத வேண்டும். பார்த்ததை மட்டும்தான் எழுதலாம். நினைத்ததை எழுதக் கூடாது. நடுவில் எழுந்து போகக் கூடாது. குழந்தையின் பெயரைப் போடக் கூடாது. ‘க’ என்று ஓர் எழுத்து போதும்.

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். எங்கள் வகுப்பில் குருவி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு குட்டிப் பெண் இருக்கிறாள். அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘பாவம், க-வுக்கு இன்று அம்மா ஞாபகம் வந்துவிட்டது. முகமெல்லாம் வாடி, ஆசையோடு என்னையே பார்த்தாள். ஓடிப்போய் மடியில் வைத்துக்கொண்டேன்.’ பல்கலைக்கழகத்தில் எனக்குப் போட்டிருந்த மேற்பார்வையாளர் ‘பாவம்’ என்பதில் ஆரம்பித்து ‘ஆசையோடு’ வரைக்கும் அடித்துத் தள்ளி, கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘இதில் குழந்தையைவிட நீங்கள்தான் அதிகம் இருக்கிறீர்கள். எழுந்து போகக் கூடாது என்பது விதி. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உண்டு.’

அதிலும் தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்றால் அறை போய்விடும். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்தே என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

“பழகிப் பாருங்க அக்கா. வீட்ல யாரையாவது வெச்சு எழுதிப் பாருங்க” என்றாள் டிகிரி. மகள் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறவள். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

மறுநாள் காலை அடுப்படி ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். படிவத்தில் வயது கேட்டிருந்தது. அவருக்கு நாற்பத்து நான்கு. குறும்பாக ஒரு நான்கை விழுங்கிவிட்டேன்.

‘7.10: க அலமாரியைத் திறக்கிறான். மேல் தட்டைப் பார்க்கிறான். மூடுகிறான். 7.11: அதே அலமாரியை மறுபடி திறக்கிறான். 7.12: “எங்க இருக்கு?” என்று கத்துகிறான். பெரியவர் வந்து, க-வின் மூக்குக்கு நேராக இருந்த டப்பாவை எடுத்துத் தருகிறார். 7.14: மூடியைத் திருகிப் பார்க்காமலே பெரியவரிடம் நீட்டுகிறான். பெரியவர் திறந்து தருகிறார். 7.16: தூள் தரையில் கொட்டுகிறது. க அதைப் பார்க்கிறான். தாண்டிப் போகிறான். 7.17: ஸ்பூனைக் காணோம் என்கிறான். ஸ்பூன் கையில் இருக்கிறது. பெரியவர் சுட்டிக் காட்டுகிறார். க சிரிக்கிறான்.’

உட்கார்ந்து எழுதினேன் என்று சொன்னேனே தவிர, இருபது நிமிடத்தில் மூன்று தடவை எழுந்து போயிருக்கிறேன். ஆனால் எழுத்து மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு ‘பாவம்’ இல்லை, ஓர் ‘ஆசை’ இல்லை. பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவரை இப்படி எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அந்தக் கையோடு பள்ளியில் குருவியை வைத்தும் ஒன்று எழுதினேன். அதில் நான்கைந்து பாவம் வந்துவிட்டது, அடித்துத் திருத்தினேன். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெயர் போடக் கூடாது என்ற விதியை அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் ‘க பதிவு’ என்றே பெயர் வைத்தேன். கடைசி நாளில், குக்கர் விசில் அடிக்க அடிக்க, ஒன்றை அனுப்பினேன்.

எதை அனுப்பினேன் என்பது ஒரு வாரம் கழித்து மேற்பார்வையாளரின் பதில் வந்தபோதுதான் தெரிந்தது.

‘மிகச் சிறப்பு. பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சமையல் விளையாட்டு மூலையை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று. இந்தக் குழந்தைக்கு இயலாமை எதுவும் தெரியவில்லை. முயன்று பார்க்கத் தேவையே வராதபடி பெரியவர் முந்திக்கொள்கிறார். காத்திருக்கத் தெரியாதது குழந்தைக்கு அல்ல, பெரியவருக்கு. புதன்கிழமை பள்ளிக்கு வருகிறேன். க-வை நேரில் பார்க்க விரும்புகிறேன். தேர்ச்சியை அன்றே முடிவு செய்யலாம்.’

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மகள் வாங்கிப் படித்துவிட்டு, சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கணவர் இரண்டு தடவை படித்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“பாத்தியா? எங்கிட்ட ஒரு குறையும் இல்லையாம். எல்லாம் உன்னாலதானாம். படிச்சவங்க சொல்றாங்க.”

“உங்களுக்கு நாலு வயசுன்னு நெனச்சிக்கிட்டுச் சொல்றாங்க.”

“வயசு எதுவா இருந்தா என்ன, விஷயம் சரிதானே?”

“அப்பாவுக்கு நிக்கர் போட்டுக் கூட்டிட்டுப் போயிடும்மா” என்றாள் மகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஒரு குழந்தையைக் காட்டி இதுதான் க என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், எந்தக் குழந்தை என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். எங்கள் வகுப்பில் ஒரு குண்டுப் பையன் உண்டு. எதையும் தேடமாட்டான், நீட்டுவான்.

புதன்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். மெலிந்த, உயரமான பெண். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. எங்கள் குட்டி நாற்காலியில் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“எங்க டீச்சர், நம்ம க?”

சமையல் மூலையில் இருந்த குண்டுப் பையனை நோக்கிக் கையைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அவன் ஒரு டப்பாவை எடுத்தான், மூடியைப் பல்லைக் கடித்துத் திருகித் திறந்தான், கொட்டிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டான். பதினான்கு வருடத்தில் ஒரு குழந்தை நல்லது செய்து எனக்கு எரிச்சல் வந்தது அன்றுதான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

பக்கத்தில் டிகிரி நின்றிருந்தாள். நான் புலம்பியதில் அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அறை அவளுக்கு. அவள் சொல்லவில்லை. பெயின்ட் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். அவளே அப்படி இருக்கும்போது நான் பொய் சொல்வதா என்று வந்துவிட்டது.

“மேடம், க இங்க இல்ல. ஆபீஸ் போயிருக்காரு.”

“என்னது?”

“என் வீட்டுக்காரர். வயசுல ஒரு நாலு விட்டுப்போச்சு.”

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பதிவு, ஒரே பெயர், குக்கர் விசில், கையைத் தூக்கியது, இறக்கியது வரைக்கும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் மறுபடி மேற்பார்வையாளர் முகமாகிவிட்டது.

“அந்தப் பதிவு செல்லாது டீச்சர். அத வெச்சு நான் பாஸ் போட முடியாது.”

“தெரியும் மேடம்.”

“ஆனா நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கேன். இப்ப ஒண்ணு எழுதுங்க. என் கண்ணு முன்னாடி, இருபது நிமிஷம். எந்திரிச்சீங்கன்னா முடிஞ்சது.”

அது மணல் தொட்டிக்குப் போகும் நேரம். ஷூ மாட்டும் நேரம். பதினெட்டுக் குழந்தைகள், முப்பத்தாறு ஷூ. சுவரோரமாக வரிசையாக உட்கார வைத்து ஐந்தே நிமிடத்தில் அத்தனைக்கும் பட்டையை ஒட்டிவிடுவேன். பள்ளியில் எனக்கு ஈடாக அந்த வேலை செய்ய ஆள் கிடையாது. அன்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். என் எதிரில் குருவி.

ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினாள். நான் எழுதினேன்: ‘10.24: காலை நீட்டுகிறாள்.’ காலை ஆட்டினாள். “டீச்சர், ஷூ” என்றாள். என் கை துறுதுறுவென்று வந்தது. பேனாவை இறுக்கிப் பிடித்தேன். ‘10.25: டீச்சர், ஷூ என்கிறாள்.’ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அதை எழுதக் கூடாது, எழுதவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக டிகிரியிடம் போனார்கள். குருவி போகவில்லை. நான்தான் போடவேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். 10.36க்கு உதடு பிதுங்கியது. 10.38க்குக் கண்ணில் நீர் நின்றது. விழவில்லை; நின்றது என்றுதான் எழுதினேன். எழுந்து போய்விடு, இரண்டு ஷூதானே, அறையும் வேண்டாம் பட்டமும் வேண்டாம் என்று ஒரு மனசு பிடுங்கியது. மேற்பார்வையாளர் என்னைப் பார்க்கவில்லை. அவரும் குருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

10.40க்கு அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டாள். கால் விரலை நுழைத்தாள். குதிகால் போகவில்லை. எழுந்து நின்று தரையில் ஓங்கி உதைத்தாள். போய்விட்டது. வாயைப் பிளந்துகொண்டு தன் காலையே பார்த்தாள். இரண்டாவது ஷூவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடது காலுக்கு வலது, வலது காலுக்கு இடது. பட்டை கோணலாக ஒட்டியிருந்தது.

இப்போது வந்து காட்டுவாள் என்று காத்திருந்தேன். பாராட்டுவதற்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் “நானே, நானே” என்று கத்திக்கொண்டு, என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, மணல் தொட்டிக்கு ஓடினாள்.

கடைசி வரியை எழுதிக் காகிதத்தை நீட்டினேன். மேற்பார்வையாளர் நிதானமாகப் படித்தார். ஓரிடத்திலும் பேனா வைக்கவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நிமிர்ந்தவர் திடுக்கிட்டார்.

“என்ன டீச்சர், அழறீங்க? பாஸ்தான் போட்டிருக்கேன். ரூம் உங்களுக்குத்தான்.”

“அதுக்கில்ல மேடம்.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தேன். “அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.”

அவர் காகிதத்தை என் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார். ‘10.44: க திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறாள்.’

“அதத்தான் எழுதியிருக்கீங்க” என்றார். “அதுக்குத்தான் பாஸ்.”