முப்பது பின்னுக்குக் கை கட்டி

மதிய மணி அடிப்பதற்குள் லோகு அண்ணனின் கேட் பாஸை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவது என்று மேனேஜர் மோகன்ராஜ் சார் முடிவு செய்திருந்தார். நாங்கள் கடைந்து கொடுக்கும் இரும்புப் பின்களை வாங்கும் கம்பெனி ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டது. நூற்றுக்கு ஐந்து சரியில்லையாம். சிலது ஓட்டையில் லொடலொடக்கிறது, சிலது உள்ளேயே போகவில்லை. அத்தனையும் லோகு அண்ணனின் கடைசல் மெஷினில் வந்தவை.

"பின்னோட கனம் சராசரியா பன்னண்டு மில்லிமீட்டர், கரெக்டா இருக்குது. அப்ப மெஷின்ல கோளாறு இல்ல, ஆளுதான் கோளாறு" என்றார் சார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். புதுவாயல் ஜங்ஷனுக்குக் கம்பெனி பஸ் சராசரியாக ஆறே காலுக்கு வருகிறது. ஒரு நாள் ஆறுக்கு, ஒரு நாள் ஆறரைக்கு. சராசரியை நம்பி ஆறே காலுக்குப் போய் நின்று எத்தனை நாள் சம்பளம் போயிருக்கிறது! சராசரி எங்கே என்பது ஒரு கேள்வி. அதைச் சுற்றி ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதைப் பள்ளியில் திட்ட விலக்கம் என்று நடத்தினார்கள். தர ஆய்வுக்கு என்னை வைத்திருக்கிறார்கள், ஆனால் ரிப்போர்ட்டில் சராசரிக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது.

முந்தின நாளே நான் நோட்டோடு லோகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது பின் அளந்திருந்தேன். விலக்கம் பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மேலே இருபது, கீழே இருபதுதான் அனுமதி. பத்து என்றால் நூற்றுக்கு நாலைந்து வெளியே விழத்தான் செய்யும். அதற்கும் மேலாக இன்னொன்றைப் பார்த்தேன். பின் எட்டு மைக்ரான் பெரிதாக வந்தால் அண்ணன் உடனே அளவு மாற்றும் பட்டனில் எட்டு குறைத்து அமுக்குவார். அடுத்தது சிறிதாக வரும், உடனே கூட்டுவார். ஐம்பதில் நாற்பத்தொரு தடவை பட்டனைத் தொட்டார். எங்கள் வரிசையில் தொட்டுக்கொண்டே இருப்பவன்தான் பொறுப்பான ஆள். மற்ற மூன்று மெஷின்காரர்களும் அவ்வளவாகத் தொட மாட்டார்கள், அவர்களுக்குச் சோம்பேறிப் பட்டம்.

"சார், தப்பு அண்ணனோட அக்கறையிலதான் இருக்குது. மெஷின் தானா கொஞ்சம் அப்பிடி இப்பிடி ஆடுது. இவர் அது பின்னாடியே ஓடி ஆட்டத்தப் பெருசாக்குறார். முப்பது பீஸ், பட்டனத் தொடாம ஓட்டிப் பாக்கலாம் சார்."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு பீஸ் லிமிட்ட தாண்டினாலும் அவரோட நீயும் கெளம்பு" என்றார். ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

லோகு அண்ணனுக்குத்தான் இது பெரிய அவமானமாகப் போயிற்று. "இன்னா ஏஞ்சலு, ஒம்போது வருசமா மெஷின கொழந்த மாரி பாத்துக்கினு கீறேன். கைய கட்டிக்கினு வேடிக்க பாக்க சொல்றியா?"

"ஆமாண்ணா. கைய கட்டிக்கினு நில்லு. இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போவணும்."

முதல் பின் நாலு மைக்ரான் கூட. இரண்டாவது ஆறு குறைவு. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார், விரல் மட்டும் முழங்கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷின்காரர் சின்னராசு டீயைக் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கக்கூட அண்ணன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

பதினேழாவது பின் பதினைந்து மைக்ரான் கூட வந்தது. எல்லையைத் தொட இன்னும் ஐந்து மைக்ரான்தான் பாக்கி. அண்ணன் கை பாய்ந்து பட்டனுக்குப் போய்விட்டது.

"தொடாத!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"அடுத்தது வெளிய போயிடும்மா! எனக்குத் தெரியும்!"

"போவட்டும்ணா. நானும் உன்கூட வரேன்."

அவர் கையை இழுத்து அக்குளுக்குள் சொருகிக்கொண்டார். பதினெட்டாவது பின்னை அளக்கும்போது மைக்ரோமீட்டர் ஒரு தடவை வழுக்கிற்று. திரும்ப அளந்தேன். நாலு மைக்ரான் குறைவு. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

முப்பதும் முடிந்தது. ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எடுத்து, வர்க்கமாக்கி, கூட்டி, வகுத்து, மூலம் போட்டேன். ஏழு மைக்ரான். கால்குலேட்டரை சார் வாங்கித் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தார். அதே ஏழுதான். சின்னராசுவும் மற்ற இரண்டு மெஷின்காரர்களும் கை தட்டினார்கள். சின்னராசு ஒரு விசிலும் அடித்தார். லோகு அண்ணன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும் சேர்த்துத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"குட்" என்றார் சார். நாலு மெஷினையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். "அப்ப சும்மா நின்னு பாத்துக்கினா போதும்னு ஆச்சு. அதுக்கு எதுக்கு நாலு பேரு? லோகு, நாளைலேருந்து நாலு மெஷினும் நீயே பாத்துக்க. மத்த மூணு பேரும் சாப்புட்டு கான்ட்ராக்டரப் போய் பாத்து கணக்க முடிச்சுக்கங்க."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. நான் வாயைத் திறந்தேன். டூல் தேய்ந்தால் யார் கவனிப்பது, ஓராள் நாலு மெஷினுக்கு எப்படி ஓடுவது என்று என்னென்னவோ சொன்னேன். சார் என் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் நீ எழுதுனதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி அடித்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. சின்னராசு என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தன் மெஷினைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

என் கணக்கு தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றுதான் முதன்முறையாக ஆசைப்பட்டேன். மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஏழுதான் வந்தது.