சத்தம் கூட்டும் பொத்தான்

கபிரியேலுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் பேச்சும் போனபோது, கட்டிலை எங்கே போடுவது என்பதில் அவருடைய மனைவி டொரதிக்கு வேறு வழி இருக்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்பகுதி முழுக்க ஒரே நீண்ட ஹோல். கபிரியேல் அதில் பல வருடங்கள் தட்டச்சு வகுப்பு நடத்தினார். கொம்பியூட்டர் வந்து வகுப்பு நின்று, மெஷின்களையும் விற்ற பிறகு ஹோல் வெறுமையாகக் கிடந்தது. குளியலறை அதன் ஒரு கோடியில். அங்கேதான் கட்டிலைப் போட முடிந்தது. மறுகோடியில், சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரியில் அவருடைய பாட்டு செட் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் குவைத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது அவர் கொண்டுவந்த செட் அது. வெள்ளி நிற முகம், பெரிய பெரிய குமிழ்கள், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ரிமோட் வராத காலத்துச் சாமான். அந்தக் காலத்தில் பின்னேரம் வகுப்புப் பிள்ளைகள் போனதும் பாட்டைப் போட்டுவிட்டு, கதிரையை ஹோலின் நடுவில் இழுத்துப்போட்டு உட்காருவார். அந்த நேரத்தில் டொரதிகூடப் பேச்சுக் கொடுக்க மாட்டாள்.

"செட்டைக் கட்டில் பக்கம் கொண்டு வரச் சொல்லட்டுமாங்க?" என்று அவள் கேட்டாள். அவர் இடப்பக்கமும் வலப்பக்கமும் தலையை அசைத்தார். அந்த ஸ்பீக்கர்களை இருந்த இடத்திலிருந்து அரை அடி நகர்த்தவும் அவர் என்றைக்கும் விட்டதில்லை.

அதனால் டொரதி நடந்தாள். அவர் இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஹோலைக் கடந்து போய்ச் சத்தக் குமிழைத் திருப்புவாள். திரும்பிப் பார்த்தால் போதாது என்று கைகாட்டுவார், இல்லை கூடிவிட்டது என்று கைகாட்டுவார். முழங்கால் வலி அவளுக்கு முன்பே உண்டு. ஒரு நாள் சோறு அடிப்பிடித்துவிட்டது.

"நானும் மனுஷிதானே. எத்தனை தடவ நடக்கிறது?" என்றாள்.

கபிரியேல் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அந்தக் கிழமை முழுக்கக் கம்பி தட்டப்படவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தது அவளுக்குத் தாங்கவில்லை. பாலத்தடியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த திருச்செல்வத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர்.

"ஓம் அக்கா, செய்யலாம்," என்றார் திருச்செல்வம். "உள்ளுக்கு ஒரு சின்ன மோட்டர் பூட்டினா ரிமோட்டுக்குக் குமிழ் தானாத் திரும்பும். செட்டுக்கு ஒண்டும் ஆகாது."

அவர் வந்து பூட்டிவிட்டுப் போன பின்னேரம், டொரதி ரிமோட்டைக் கணவரின் இடக்கையில் வைத்தாள். அவர் பொத்தானை அழுத்தினார். ஹோலின் அந்தக் கோடியில் யாரும் தொடாமல் குமிழ் மெதுவாகத் திரும்பியது. ரேடியோவின் சத்தம் எழுந்து அறையை நிறைத்தது. குறைத்தார், மறுபடியும் கூட்டினார். அவர் முகத்தின் இடப்பாதி சிரித்தது. டொரதி குசினிக்குள் போய் அழுதாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வீடு வீடாக இருந்தது. காலையில் செய்திச் சத்தம் உயர்ந்தால் அவர் விழித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். தாழ்ந்தால் தேநீரோடு போவாள்.

வத்தளையில் இருந்த மகள் மார்கிரட் ஒரு சனிக்கிழமை வந்தாள். தாயின் குனிந்த முதுகைப் பார்த்தாள். ஹோலின் நடுவில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினாள்.

"அம்மா, அப்பாவ நீங்க தனியாத் தூக்கிப் புரட்டுறது எத்தன நாளைக்கு? ஹேவாஹெட்டைப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துற இல்லம் ஒண்ணு இருக்கு. நான் பேசிட்டேன். எடம் இருக்காம்."

"மெதுவாப் பேசு, அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்மா. என்னைக்காவது சொல்லத்தானே வேணும்."

டொரதி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குமிழ் திரும்பத் தொடங்கியது. அது நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மார்கிரட்டின் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. கடைசியில் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு அழுதபடியே பஸ்ஸுக்குப் போனாள்.

டொரதி சொல்ல நினைத்தது ஒன்றுதான்: அவரை நான் அனுப்ப மாட்டேன். மகளிடம் சொல்ல முடியாததைக் கணவரிடம் சொல்லப் போனாள். அவள் உதடு பிரிந்ததும் அவர் பொத்தானை அழுத்தினார். மறுநாளும் அப்படித்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் சத்தம் உயர்ந்தது. காதருகே குனிந்தால் இன்னும் உயர்ந்தது. ஒரு தாளில் எழுதி முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டார். நாள் போகப் போக அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அவருக்கு ஊட்டுவது, துடைப்பது, புரட்டுவது எல்லாம் அந்த இரைச்சலுக்குள் பேச்சில்லாமல் நடந்தன.

பக்கத்து வீட்டுச் சகீனா வேலியருகே வந்து நின்றாள்.

"அக்கா, கொற நெனைக்க வாணாம். எங்கட வாப்பாக்கும் சொகமில்ல. பகல்ல கண்மூட ஏலாம இரிக்காரு."

டொரதிக்கு மானம் போன மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் கபிரியேல் தூங்கும்போது ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, பட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதை அவர் கையருகே திரும்ப வைத்தாள். அவர் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உங்கள நான் எங்கயும் அனுப்ப மாட்டேங்க," என்றாள் அவர் கண்ணைத் திறந்ததும். "அன்னைக்கும் அதத்தான் சொல்ல வந்தேன்."

அவர் அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். கையை நீட்டி அலுமாரிப் பக்கம் பிடித்து அழுத்தினார். குமிழ் அசையவில்லை. ரிமோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பட்டரியின் கனம் இல்லாததை அவர் கை அறிந்துகொண்டதை டொரதி கண்டாள். அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ரிமோட் நழுவிப் போர்வையில் விழுந்தது.

அவள் பதறிப்போய்ப் பட்டரிகளைப் போட்டு அவர் கையில் திணித்தாள். விரல்கள் மூடவில்லை. அவருடைய பெருவிரலைப் பிடித்துத் தானே அழுத்தினாள். செட் பாடியது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"தப்புத்தாங்க. இனிமே செய்ய மாட்டேன்."

அவர் அதற்குப் பிறகு ரிமோட்டைத் தொடவேயில்லை. சாப்பாடும் குறைந்தது. தலையசைப்பும் நின்றது. ஒரு நாள் குளியலறைக்குக் கொண்டுபோகும்போது டொரதியின் முதுகு பிடித்துக்கொள்ள, இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். சகீனாவும் அவள் புருஷனும் ஓடிவந்து தூக்கினார்கள்.

மார்கிரட் வந்தாள். இந்த முறை கட்டிலருகே நின்றே கேட்டாள்.

"அப்பா, அந்த இல்லத்துக்குப் போறீங்களா?"

பல நாட்களாக யாருக்கும் அசையாத தலை அசைந்தது. ஆம் என்றது.

"என்னப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் டொரதி. அவர் அவளைப் பார்த்து இன்னொரு முறை தலையசைத்தார்.

அடுத்த கிழமை வேனில் ஏற்றினார்கள். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து ஏறி இல்லத்தை அடைந்தபோது மழைமூட்டம் போட்டிருந்தது. கட்டில்கள் வரிசையாக இருந்த அறையில் அவருக்கு ஓரமாக ஓர் இடம் கிடைத்தது. மார்கிரட் சிஸ்டரோடு பேசப் போனாள். டொரதி குனிந்து அவர் காதருகே எல்லாவற்றையும் சொன்னாள்: மகளுக்குத் தான் சம்மதம் சொல்லவில்லை என்பதை, சொல்ல விடாமல் சத்தம் வந்ததை, பட்டரி எடுத்ததை. இங்கே எந்த இரைச்சலும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. அவர் கண் கலங்கி, அவள் முகத்திலேயே வெகுநேரம் நின்றது.

"அப்போ வீட்டுக்குப் போவமா?" என்று கேட்டாள்.

அவர் அவளுடைய வலிக்கிற முழங்கால்களைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையசைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். டொரதி போர்வையைத் தோள்வரை இழுத்து மூடிவிட்டு, மகள் வந்து கையைப் பிடித்து எழுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.