குலா மலாக்கா பிஸ்கட்

நிலானி மேடம் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு காரைவிட்டு இறங்கியதைப் பார்த்ததும் புஷ்பவள்ளிக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது. துப்புவதற்கு. குதிரை லாயத்துக்கு யாராவது வெள்ளை ஏப்ரனோடு வருவார்களா? போதாததற்கு அது பூரா குட்டிக் குட்டி லாடங்கள் அச்சாகியிருந்தன.

மலேசியாவில், பெடாஸ் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தின் ஒரு மூலையை வளைத்துக் கட்டிய சவாரி கிளப் அது. முன்பு ரப்பர்ப் பால் உறையவைத்த ஸ்டோரில் இப்போது சேணங்கள் தொங்கின. சனிக்கிழமையானால் சிரம்பானிலிருந்தும் செண்டாயானிலிருந்தும் கார்கள் வரிசையாக வரும். பிள்ளைகள் குதிரை ஏறுவார்கள், தாய்மார்கள் படம் எடுப்பார்கள். இரண்டு தரப்பும் குதிரையின் முகத்தைச் சரியாகப் பார்த்து புஷ்பவள்ளி கண்டதில்லை. அவள் கணவர் கணேசமூர்த்தி பத்தொன்பது வருஷம் அங்கே குதிரைக்காரர். கால் எடுத்த புண் ஆறாமல் நான்கு மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். கொட்டில் கழுவி லத்தி அள்ளும் வேலை புஷ்பவள்ளிக்கு முன்பே இருந்தது. அது அப்படியே இருந்தது.

பவுனும் இருந்தது. பந்தயத்தில் ஓடிய காலத்தில் அதற்கு நீளமாக ஒரு வெள்ளைக்காரப் பெயர். அந்தச் செம்பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பவுனு என்று கூப்பிட்டவர் கணேசமூர்த்தி. பெட்டைக் குதிரை, வயது பதினெட்டு. போன வருஷம் அதற்குக் குளம்புக்குள் வீங்கிவிட்டது. முன்னங்கால் ஊன்ற முடியாமல், சுடுகல்லில் நிற்பதுபோல் பின்பக்கம் சாய்ந்து நின்றது. இனிப்பு கூடினால் குதிரைக்குக் குளம்பில் அடிக்கும் என்றார் குதிரை டாக்டர். இன்னொரு தடவை வந்தால் எழுப்ப முடியாது, ஊசி போட்டு முடிப்பதுதான் என்றும் சொல்லிவிட்டார். தரக்கூடாதவற்றை மலாயில் எழுதிக் கொட்டில் கதவில் பலகையும் மாட்டினார்.

அந்தப் பவுனுக்குச் சொந்தக்காரி நிலானி. ரஹாங்கில் வீடு, பேங்கில் பெரிய வேலை. மாதம் இரண்டு தடவை வந்து கழுத்தைத் தடவிவிட்டுப் போவாள். அவள் தாத்தா இதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். அதை வந்த முதல் நாளே சொன்னாள். சொல்லிவிட்டு, புஷ்பவள்ளி சந்தோஷப்படுவாள் என்று நின்றாள். புஷ்பவள்ளியின் மாமனார் அந்தக் கிராணி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர். அதை அவள் சொல்லவில்லை.

இப்போது மேடத்துக்குப் புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டது. குதிரைக்கு வீட்டிலேயே செய்யும் சத்தான தின்பண்டம். கடையில் விற்பதெல்லாம் கெமிக்கலாம். அதனால் சனிக்கிழமை கிளப்பில் வகுப்பு. பன்னிரண்டு தாய்மார்கள், மேசை, பூப்போட்ட துணி, ஓர் அடுப்பு, சின்ன ஓவன்.

"ஆன்ட்டி, கேரட் மட்டும் துருவித் தாங்க. நைசா வேணும்" என்றாள் நிலானி.

"குதிரைக்கு என்னத்துக்கு மேடம் நைசு? முழுசாக் கடிக்கும்."

"வீடியோல அழகா வரணும்லா."

புஷ்பவள்ளி துருவினாள். ஆப்பிளும் துருவினாள். தேங்காயும் துருவினாள். ஓட்ஸைக் கொட்டிப் பிசைந்ததும் அவள்தான். நிலானி கடைசியில் லாட வடிவ அச்சை எடுத்து மாவில் ஒரு தடவை அழுத்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். பெட்டியில் ஒட்டுவதற்குக் கொண்டுவந்த அட்டையில் 'கையால் செய்தது' என்று போட்டிருந்தது. யார் கை என்று போடவில்லை. அதன் கீழே பச்சை எழுத்தில், 'சீனி சேர்க்காதது'.

புஷ்பவள்ளி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். சட்டியில் கறுப்பாக, கெட்டியாக, வாசமாக ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூங்கிலில் வார்த்த தென்னை வெல்ல உருளைகள், அரை டஜன், அத்தனையும் உள்ளே போயிருந்தன.

அவளும் பவுனுக்கு ஒன்று செய்வாள். ஊறவைத்துப் பிழிந்த காய்ந்த புல், அரைத்த வெந்தயம், ஒரு கை ஆளி விதை. தட்டி வாட்டி எடுத்தால் வறட்டி மாதிரியே இருக்கும். வெந்தய வாசத்துக்குப் பவுனு நாலு கொட்டில் தள்ளியே காதை நிமிர்த்தும். மானேஜர் புவனேஸ்வரன் அதை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்து, "அக்கா, இது உள்ள போறதா, வெளிய வந்ததா?" என்று கேட்டு அவரே சிரித்தார். அவர் ஜோக்குக்கு அவர்தான் சிரிப்பார்.

பிஸ்கட் வெந்து வந்தது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு நிலானி பவுனு கொட்டிலுக்கு நடந்தாள். பின்னால் பன்னிரண்டு கைப்பேசிகள் நடந்தன. பவுனு மேலுதட்டை நீட்டிக்கொண்டு நின்றது. மானங்கெட்ட குதிரை.

புஷ்பவள்ளி விளக்குமாறோடு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இதுக்குக் குடுக்காதீங்க மேடம். மத்த குதிரைக்குக் குடுங்க."

"ஏன் ஆன்ட்டி? என் குதிரைதானே?"

"டாக்டர் எழுதி மாட்டியிருக்காரு."

"படிச்சேனே. அதனாலதான் சீனியே போடல. ஒரு ஸ்பூன்கூட இல்ல."

"அடுப்புல கொதிச்சது?"

"அது குலா மலாக்கா. நேச்சுரல். மரத்துலருந்து வர்றது."

"அக்கா, தள்ளுங்கக்கா" என்றார் புவனேஸ்வரன், பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பேசிகளைப் பார்த்துச் சிரித்தபடி. "மேடம் எல்லாம் படிச்சுப் பார்த்துத்தான் செய்வாங்க. நீங்க போய்க் கூட்டுங்க."

"கூட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். மேடம், அந்தப் பலகைய ஒரு வாட்டி சத்தமாப் படிங்க."

நிலானி கூட்டத்தைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். பாவம், புருஷனை இழந்தவள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே விளக்குமாற்றைத் திருப்பிப் பிடிக்கலாம் என்று புஷ்பவள்ளிக்குத் தோன்றியது.

"செமுவா ஜெனிஸ் குலா" என்று நிலானி படித்தாள். "எல்லா வகைக் குலாவும் கூடாது. குலான்னா சீனி, ஆன்ட்டி. இது வெறும் குலா..."

அங்கே நின்றது அவள் வாய்.

பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மலாய்க்காரர்கள் பெயரிலேயே குலா என்று வைத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிறவர்கள்தான் எல்லாரும். இருந்தும் குலாமலாக்கா என்பது தமிழர் வாயில் ஒரே சொல்லாக உருண்டு போய்விடும், உள்ளே இருக்கும் குலா காதில் விழாது.

"கொஞ்சம்தானே" என்றாள் நிலானி, முகம் சிவந்து. "இவ்வளவு கெடுதல்னா எங்கப்பாவுக்கு என்னாகியிருக்கணும்? அவருக்குச் சுகர். சீனிய நிறுத்தி மூணு வருஷமாச்சு. காபிக்கெல்லாம் இதான் நானே வாங்கிட்டு வந்து போடுறேன். நல்லாத்தானே இருக்காரு."

விளக்குமாறோடு வரும்போது புஷ்பவள்ளிக்குச் சொல்ல நிறைய இருந்தது. தாத்தாவைப் பற்றி, ஏப்ரனைப் பற்றி, லாட அச்சைப் பற்றி, நாலு பேர் முன்னால் நறுக்கென்று சொல்ல ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். அது ஒன்றும் வாயில் வரவில்லை.

"கால் எப்படி இருக்கு அவருக்கு?"

"என்ன?"

"கால். எங்க வீட்டுக்காரருக்கும் நான் அதான் போட்டேன். நர்ஸ் கேப்பா, சீனி போடுறீங்களான்னு. வீட்டுல சீனியே இல்லம்மான்னு ரெண்டு பேரும் சொல்லுவோம். பொய் இல்ல, டப்பா காலியாத்தான் இருந்துச்சு. பெடாஸ் பசார்ல நானே பார்த்துப் பார்த்து வாங்குவேன், நல்ல கறுப்பா இருக்கறத. முதல்ல பெருவிரல் கறுத்துச்சு. வலியே இல்லன்னாரு. வலி தெரியாது மேடம். சாக்ஸக் கழட்டினாத்தான் தெரியும். காரியம் முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னிக்குத்தான் இந்தப் பலகைய நின்னு படிச்சேன். குதிரைக்கு எழுதி மாட்டியிருக்கு."

யாரும் படம் எடுக்கவில்லை.

நிலானி தட்டைப் புவனேஸ்வரன் கையில் திணித்தாள். ஏப்ரன் பையில் கைப்பேசியைத் தேடி எடுத்துக் காரை நோக்கி வேகமாக நடந்தாள். பாதி வழியில் அவள் குரல் கேட்டது. "அம்மா, அப்பா எங்க? எழுப்புங்க. எழுப்பிச் சாக்ஸக் கழட்டிப் பாருங்க. பிறகு இல்லம்மா, இப்ப!"

ஒரு மன்னிப்பு வரவில்லை, ஒரு நன்றி வரவில்லை. கிராணி வம்சம் என்று நினைத்தாள் புஷ்பவள்ளி. ஆனால் நிலானி ஓட்டமாக நடந்த நடையைப் பார்த்ததும், அந்த நினைப்பில் வழக்கமாக வரும் ருசி வரவில்லை.

"இதை என்னக்கா செய்றது?" என்றார் புவனேஸ்வரன்.

"நீங்க தின்னுங்க. நைசாத் துருவினது."

அவர் தின்னவில்லை. புஷ்பவள்ளியே தட்டை வாங்கி உர வாளியில் கவிழ்த்து மூடினாள். கண்ணெதிரே வாசம் போய் மறைந்ததைப் பார்த்த பவுனுக்கு வந்தது கோபம். காதைப் பின்னால் மடக்கி, பல்லைக் காட்டி, முன்னங்காலால் கதவை ஓங்கி ஓர் உதை விட்டது. பலகை ஆடியது. தாய்மார்கள் அலறிப் பின்வாங்கினார்கள்.

புஷ்பவள்ளி நகரவில்லை.

"உதைடி" என்றாள். "உதைக்கக் கால் இருக்குல்ல. நல்லா உதை."