ஆறாவது எலும்பு

பேருந்து ஓட்டுநரின் மனைவி ஸ்கேன் அறைக்கு வந்தபோது காலை ஒன்பதரை. கையில் கசங்கிப்போன ஓர் எக்ஸ்ரே உறை.

“அவரை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பழைய படம் ஒண்ணு பீரோவுக்கு அடியில கெடந்துச்சு. இது ஏதாவது உதவுமா மேடம்?”

“இனிமே எதுக்கும்மா... சரி, குடுங்க,” என்றாள் ஸ்கேன் எடுப்பவள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த படம். விளக்குப் பலகையில் மாட்டி, பழக்கதோஷத்தில் கடைசி விலா எலும்புக்குக் கீழே விரல் வைத்து எண்ணினாள். ஐந்தோடு முடிய வேண்டும். ஆறு வந்தது. மறுபடி எண்ணினாள். ஆறேதான்.



இடுப்பில் எல்லோருக்கும் ஐந்து முள்ளெலும்பு. இவருக்கு ஒன்று கூடுதல். போன வாரம் இவருக்கு ஸ்கேன் எடுத்தவள் அவள்தான். கிளட்ச் மிதிக்கும் இடது கால் மரத்துப்போய், வலி தாங்காமல், “சீக்கிரம் விட்டுடுங்க தாயே, இடுப்பு கழண்டு போயிரும் போல” என்று அவர் அலறினார். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். கழுத்திலிருந்து முழு முதுகையும் காட்டும் அந்த இரண்டு நிமிடப் படத்தை அவள் எடுக்காமல் விட்டாள். மேலே விலா தெரியாததால் அறிக்கை எழுதியவர் கடைசி எலும்பையே ஐந்தாவதென்று வைத்துக் கீழேயிருந்து எண்ணி, நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதினார். ஆனால் சர்ஜன் எப்போதும் விலாவிலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணுவார். ஆபரேஷன் அறையில் பலமுறை கூட நின்று பார்த்திருக்கிறாள். ஒரு படி மேலே, நல்ல ஜவ்வில் கத்தி இறங்கும்.

போனை யாரும் எடுக்கவில்லை. படத்தோடு ஓடினாள். உடை மாற்றி, முகமூடி கட்டி உள்ளே நுழைந்தபோது ஓட்டுநர் குப்புறக் கிடந்தார். தோலைக் கிழித்து, தசையை விலக்கியிருந்தார்கள்.

“சார், நிறுத்துங்க! இவருக்கு ஆறு எலும்பு.”

சர்ஜன் திரும்பாமலே கேட்டார். “யார் எடுத்த ஸ்கேன்?”

“நான்தான் சார். முழுப் படம் எடுக்கல. தப்பு என் மேலதான்.”

எக்ஸ்ரே கருவியை மேலும் கீழும் நகர்த்தி, மூன்று பேர் மூன்று தடவை எண்ணினார்கள். பிறகு சர்ஜன் கீறலைக் கீழ்நோக்கி நீட்டினார். எலும்பைத் தொடுவதற்கு முன்பே தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று.

மாலையில் துறைத் தலைவர் கூப்பிட்டார். “நல்லபடியா முடிஞ்சுபோச்சு. எதுக்கும்மா கிளறிக்கிட்டு?”

“அவர் முதுகு சார். அவருக்குத் தெரியணும்.”

மறுநாள் சர்ஜனையும் கையோடு அழைத்துப்போய் ஓட்டுநரிடம் நடந்ததைச் சொன்னாள். ஓட்டுநர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்களைத் திட்டணுமா, கும்பிடணுமா? ஒண்ணும் புரியலயே தாயி.”

“திட்டுங்கண்ணே.”

அவர் திட்டவில்லை. மனைவிதான் வெடித்தாள். “ரெண்டு நிமிஷம்! ரெண்டே ரெண்டு நிமிஷம் உங்களுக்குக் கெடைக்கலயா?”



மூன்றாம் நாள் ஓட்டுநரின் இடது கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஸ்கேன் எடுப்பவள் வார்டு வரை போனாள். கதவுக் கண்ணாடி வழியே, போர்வையை விலக்கிக் கணவனின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி தெரிந்தாள். உள்ளே போக மனம் வராமல் சற்று நேரம் அங்கேயே நின்றாள்.